தண்ணிப் பல்லியின் வால் பக்கம்

யுத்தத்தின் ஐந்தாவது கோடையில் ஆவடியில் அடித்த வெயிலைப் பற்றி உள்ளபடி சொன்னால் இப்போது யாரும் நம்பமாட்டார்கள். அதனால் கொஞ்சம் குறைத்தே சொல்ல வேண்டியிருக்கிறது. தண்டவாளம் சூட்டில் நீண்டுபோய், அம்பத்தூரில் நிற்க வேண்டிய ரயில் தினமும் பதினெட்டு அடி தள்ளி நின்றது. பட்டாளக் கேம்ப்பில் ஒரு சிப்பாய் காலையில் வைத்த சல்யூட் நெற்றியோடு ஒட்டிக்கொண்டு, சாயங்காலம் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றித்தான் கையைப் பிரித்தெடுத்தார்கள்.

அந்த வெயிலில்தான் பூச்சித் துரைக்குப் பர்மா சண்டைக்குக் கிளம்பச் சொல்லி உத்தரவு வந்தது.

பூச்சித் துரைக்கு அவருடைய அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று இருந்தது. அது எத்திராஜின் வாய்க்குள் நுழைந்தது, வெளியே வரும்போதுதான் வேறு யாருடைய பேராகவோ வந்தது. வண்டு, வெட்டுக்கிளி, மரவட்டை என்று எது கண்ணில் பட்டாலும் பாட்டிலில் போட்டு மூடுகிறவர் என்பதால் கேம்ப் முழுக்கப் பூச்சித் துரை என்றே ஆகிவிட்டது. அவர் பங்களாவில் இரண்டு பேர் வேலை செய்தார்கள். காவடி கட்டித் தண்ணீர் தூக்குகிறவன் எத்திராஜ். சமையல் செய்கிறவன் தசரதன். இருவரும் மண்ணூர்பேட்டைக்காரர்கள். அடுத்தடுத்த வீடு, நடுவில் ஒரு மண்சுவர். போதாததற்கு எத்திராஜின் தங்கை பூங்காவனத்தைக் கட்டியவன் தசரதன்.

எத்திராஜுக்குத் தசரதன் மேல் பொறாமை என்று சொல்லிவிட முடியாது. தசரதன் வீட்டு முருங்கை நன்றாகக் காய்த்தால் இவனுக்கு இரண்டு நாள் வயிறு சரியில்லாமல் போகும், அவ்வளவுதான்.

துரையிடம் உயிரோடு இருந்த பிராணிகள் இரண்டே இரண்டு. எங்கோ சீனத்து மலை ஓடையில் பிடித்ததாகச் சொல்வார். ஒரு சாண் நீளத்துக்குக் கொஞ்சம் குறைவு. பல்லியின் உடம்பு, தவளையின் ஈரத் தோல், மீனுக்கு இருப்பதுபோல் தட்டையான வால். முதுகு கரி நிறம். வயிறு மட்டும் பழுத்த மிளகாய்ப் பழம்போலத் தகதகவென்று இருக்கும். துரை அதை நியூட் என்பார். மண்ணூர்பேட்டையில் அதற்குத் தண்ணிப் பல்லி என்று பேர் வைத்தார்கள், அதுவே பொருத்தம். இரும்புச் சட்டம் போட்ட ஒரு கண்ணாடித் தொட்டியில் அவை இருந்தன. அவை வந்த புதிதில் முழு ஒரு வாரம் துரையும் எத்திராஜும் மண்டிபோட்டு உட்கார்ந்து அந்தத் தொட்டியைத் தயார் செய்தார்கள். எந்தத் தண்ணீர், எவ்வளவு ஆழம், எங்கே நிழல் என்று எல்லாம் எத்திராஜுக்கு அத்துப்படி. தசரதன் செய்ததெல்லாம் தினம் ஒரு வேளை மண்புழு நறுக்கிப் போட்டதுதான்.

ஜீப் உறுமிக்கொண்டு நிற்கும்போது துரை இருவரையும் வராந்தாவில் நிறுத்தினார். தனக்குத் தெரிந்த தமிழை எல்லாம் கூட்டிச் சேர்த்தார்.

"தண்ணி ஆளுக்குத் தொட்டி," என்று எத்திராஜைக் காட்டினார். "சோறு ஆளுக்குப் பிராணி," என்று தசரதனைக் காட்டினார். "நல்லா பாக்கணும்."

ஏறி உட்கார்ந்தார், போய்விட்டார். அவர் என்ன நினைத்து அப்படிப் பங்கு பிரித்தார் என்று கேட்க ஆளில்லை.

எத்திராஜ் தலையில் சும்மாடு வைத்துத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தான். கண்ணாடி வழியாக வெயில் நேராக உச்சியில் இறங்கியது. தசரதன் ஒரு பித்தளைத் தூக்கில் ஈரத்துணியும் இரண்டு பல்லிகளுமாகக் கையை வீசிக்கொண்டு முன்னால் போனான். மண்ணூர்பேட்டைக்குள் நுழைந்தபோது ஊர் முழுக்கத் தூக்கைச் சுற்றிக்கொண்டது. ஒருத்தராவது தொட்டியைப் பார்த்து "இது இன்னாது" என்று கேட்கவில்லை. எத்திராஜே வலுவில் நின்று, "கண்ணாடித் தொட்டி, சீமைச் சரக்கு," என்றான்.

"வழிய வுடு எத்திராஜு, பல்லி மறைக்குது," என்றாள் மோர்க்காரி தாயம்மா.

அன்றைக்கு ஆரம்பித்தது.

தசரதன் தன் வீட்டுப் பெரிய பித்தளை அண்டாவைச் சுவரோரம் நிழலாகப் பார்த்து வைத்து, அப்போதுதான் இறைத்த கிணற்றுத் தண்ணீரை விளிம்பு வரை ஊற்றி, பல்லிகளை விட்டான். சுவருக்கு இந்தப் பக்கம் மண் பெயர்ந்த ஓட்டை இருந்தது. எத்திராஜ் அதில் கண்ணை வைத்துப் பார்த்தான். எல்லாம் தப்பு. இறைத்த தண்ணீரை இரண்டு நாள் மண்பானையில் ஆறவிட வேண்டும். ஆழம் கூடாது, கால் ஊன்றி ஏறிக்கொள்ள ஒரு கல்லாவது வேண்டும். ஒளிந்துகொள்ள இடம் வேண்டும். பித்தளையோ உச்சி வெயிலுக்கு முன்பே அடுப்பாகிவிடும்.

"மச்சான்," என்று கூப்பிட வாயைத் திறந்தான். தசரதன் கூட்டத்துக்கு நடுவில் நின்று, "தொரை என் கையப் புடிச்சிக்கினு அழுதாரு, தசரதா, என் கொழந்தைங்க மாதிரி பாத்துக்கன்னாரு," என்று சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. எத்திராஜ் வாயை மூடிக்கொண்டான்.

மறுநாள் தாயம்மாவின் தோளில் வீட்டுப் பல்லி ஒன்று விழுந்தது. பல்லி விழுந்த தோஷம் போகக் காஞ்சிபுரம் போய்த் தங்கப் பல்லியைத் தொட்டுவிட்டு வருவது வழக்கம். யுத்த காலத்தில் ரயில் முழுக்கச் சிப்பாய்கள், மோர் விற்பதை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று அவள் தசரதன் வீட்டு வாசலில் நின்று புலம்பினாள். பஞ்சாங்கம் பார்க்கிற ஜானகிராமன் அந்தப் பக்கமாக வந்தவர், அண்டாவை எட்டிப் பார்த்தார். ஒரு பல்லி புரண்டு வயிற்றைக் காட்டியது.

"வயிறு தங்கமாத்தான் இருக்கு," என்றார் யோசனையாக. "அங்க இருக்கறது உத்தரத்துல. இது கைக்கு எட்டறது. தொடறதுல தப்பொண்ணும் இல்ல."

தாயம்மா தொட்டாள். தொட்ட விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உடனே கண் எரிந்து மாலைமாலையாகத் தண்ணீர் கொட்டியது. அந்தப் பிராணியின் தோலில் கசியும் நீருக்கு அந்தக் குணம் உண்டு, துரை எத்திராஜிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் தாயம்மாவுக்குத் துரை எதுவும் சொல்லவில்லை.

"போவுது," என்றாள் அழுதபடியே. "தோசம் கண்ணு வழியாப் போவுது, எனக்கே தெரியுது."

அப்புறம் கேட்க வேண்டுமா. அந்த வாரம் பாடி முதல் திருமுல்லைவாயில் வரை வீடுகளில் பல்லி விழாத ஆளே இல்லை. விழாதவர்கள் பல்லிக்கு அடியில் போய் நின்றார்கள். மஞ்சள் கையோடும், விபூதிக் கையோடும், எண்ணெய்க் கையோடும் வரிசையாக வந்து தொட்டு, கண்ணில் ஒற்றி, அழுதுவிட்டுப் போனார்கள். தசரதன் யாரிடமும் காலணா வாங்கவில்லை. வாங்கியிருந்தாலாவது எத்திராஜுக்கு ஆறியிருக்கும், "காசு புடுங்குறான்" என்று சொல்லித் திரிந்திருக்கலாம். தசரதனோ இடுப்பில் கைவைத்து நின்று, "மெதுவாத் தொடுங்கம்மா, சீனத்துக் கொழந்தைங்க" என்று மட்டும் சொன்னான். அந்த நிற்பைத்தான் எத்திராஜால் தாங்க முடியவில்லை.

எத்திராஜ் தன் வீட்டு முற்றத்தில் தொட்டியை வைத்துத் தண்ணீர் ஊற்றி, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். பக்கத்து வீட்டுக்கு வருகிறவர்கள் திரும்பிப் போகும்போது எட்டிப் பார்த்தார்கள்.

"இன்னா எத்திராஜு, நீ தண்ணி வளக்குறியா?"

"எவ்ளோ பெருசாவும் அது?"

அவன் மனைவி வடிவு, தொட்டியில் மிளகாய் வற்றல் கொட்டி வைக்கலாமா என்று நல்லபடியாகத்தான் கேட்டாள். எத்திராஜ் தொட்டியை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டான். அந்த நாட்களில் அவன் வயிற்றில் எரிந்த எரிச்சலுக்கு, அவன் படுத்து எழுந்த பாயில் வடிவு அப்பளம் காயவைத்து எடுத்தாள் என்று சொல்கிறார்கள். அப்பளம் நன்றாகவே காய்ந்ததாம்.

வேலையும் போய்விட்டது, வேறு ஆள் வரும்வரை பங்களா பூட்டு. எத்திராஜ் என்ன செய்வதென்று தெரியாமல் தொட்டிக்கு வேலை செய்ய ஆரம்பித்தான். ஆற்றுக்கூழாங்கல் ஒரு கூடை கொண்டுவந்து, கழுவின தண்ணீர் குடிக்கிற தண்ணீர்போல் தெளியும்வரை கழுவினான். ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் பள்ளமாகவும் பரப்பினான். அம்பத்தூர் ஏரியில் இடுப்பளவு இறங்கி வேலம்பாசி பிடுங்கிவந்து நட்டான். உடைந்த சட்டி ஓடு ஒன்றைக் கவிழ்த்துக் குகைபோல் வைத்தான். நாலு மண்பானையில் தண்ணீர் பிடித்து இரண்டு நாள் ஆறவைத்து மெல்ல ஊற்றினான். கண்ணாடிக்கு வெளியே கோணிச்சாக்கு சுற்றி, மணிக்கொரு தரம் நனைத்தான். உள்ளே கையை விட்டால் மார்கழி மாதம்.

வடிவு வாசற்படியில் நின்று பார்த்தாள். "பொண்ணு பக்கத்தூட்ல கீது. நீ இங்க பந்தல் போட்டு, வாழமரம் கட்டி, மேளம் மட்டும்தான் பாக்கி."

"என் தொட்டி. நான் இன்னா வேணா செய்வேன்."

"செய் செய். உள்ள நீயே எறங்கி உக்காந்துக்க. வயித்துல கொஞ்சம் குங்குமம் பூசி வுடறேன்."

அந்த வேலை ஆரம்பித்த நாலாம் நாள் மத்தியானம் பூங்காவனம் சுவருக்கு மேல் தலையை நீட்டினாள்.

"அண்ணாத்தே. ரெண்டும் புழு துன்ன மாட்டேங்குது. மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது. தோலெல்லாம் மங்கிப் போச்சு."

எத்திராஜ் சுவர் ஓட்டைப் பக்கம் ஒரு அடி எடுத்துவைத்து நின்றான். ஆனாலும் சாக்கை நனைத்துக்கொண்டே சொன்னான். "அதுங்களுக்குச் சொந்தக்காரன் ஒருத்தன் கீறானே. கையப் புடிச்சி அழுதுட்டுக் குடுத்தாங்களாமே. அவனக் கேளு."

"கேட்டேன். உன்னக் கேக்கலாமான்னு கேட்டேன். அதுக்கு அவரு, தண்ணி தூக்குறவன் கிட்ட யோசன கேட்டுத்தான் நான் பல்லி வளக்கணுமான்றாரு."

"சொன்னானா?"

"சொன்னாரு."

"அப்ப சரி," என்றான் எத்திராஜ். தங்கை இன்னும் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டாள். அண்டா கொஞ்சம் குளிரட்டும் என்று அவளே ஒரு ஈரத்துணியை விளிம்பில் தொங்கவிட்டு, மறு முனையைச் சுவர்மேல் போட்டாள்.

சாயங்காலம் எத்திராஜ் சுவரோரம் குந்தி உட்கார்ந்து ஓட்டையில் காதை வைத்திருந்தான். அந்தப் பக்கம் தசரதன் அண்டா விளிம்பில் கரண்டியால் டங், டங், டங் என்று மூன்று தட்டுத் தட்டினான். பங்களாவில் இரை போடும்போது தட்டுகிற அதே தட்டு. பிறகு, "துன்னு ராஜா, துன்னு," என்று கெஞ்சுகிற குரல். எத்திராஜுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. எது எது என்று பிரித்துப் பார்ப்பதற்குள் தலைமேல் சில்லென்று ஏதோ பொத்தென்று விழுந்தது.

கையை வைத்துப் பார்த்தான். இரண்டில் சின்னதான தண்ணிப் பல்லி. ஈரத்துணியைப் பிடித்து ஏறி, சுவர்மேல் ஊர்ந்து, இந்தப் பக்கம் விழுந்திருக்கிறது. உடம்பெல்லாம் மண் அப்பி, சருகுபோல் காய்ந்திருந்தது.

எத்திராஜ் மூச்சுவிடவில்லை. ஆறின தண்ணீரில் மெல்ல அலசினான். தொட்டியின் மேட்டுப் பக்கம் கூழாங்கல்மேல் விட்டான். அது ஒரு நிமிஷம் அப்படியே கிடந்தது. அப்புறம் ஒவ்வொரு காலாக எடுத்துவைத்துத் தண்ணீருக்குள் இறங்கி, சட்டி ஓட்டுக்கு அடியில் நுழைந்துகொண்டது. வால் நுனி மட்டும் வெளியே தெரிந்தது.

"வடிவு," என்றான் மெதுவாக. "யாரும் வந்தா நான் ஊட்ல இல்ல."

அவள் தொட்டியைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள். "தலையில வுழுந்துச்சா?"

"ஆமா."

"பல்லி தலையில வுழுந்தா கலகம்னு போட்டுக்கீது பஞ்சாங்கத்துல."

"இது தண்ணிப் பல்லி. இதுக்குப் பஞ்சாங்கத்துல எடம் இல்ல," என்று தொட்டிமேல் கம்பிவலையைப் போட்டு, நாலு மூலைக்கும் நாலு செங்கல் வைத்தான்.

அந்தப் பக்கம் அமளி. பூங்காவனம் முறத்தைக் கவிழ்த்துக் கவிழ்த்துத் தேடினாள். தசரதன் விறகுக் கட்டைப் பிரித்தான், முருங்கை மரத்தில் ஏறினான். எத்திராஜ் ஓட்டை வழியாக அத்தனையும் பார்த்தான். வாழ்க்கையில் அவன் அவ்வளவு நிம்மதியாக ஒரு சாயங்காலம் உட்கார்ந்ததே இல்லை. ஆளுக்கொன்று. தொட்டியும் தன்னிடம்.

நிம்மதி மறுநாள் காலை வரைதான். வழக்கம்போல் கூட்டம் வந்து, இன்னொரு பல்லி எங்கே என்று கேட்டது. தசரதன் அரை நொடி விழித்தான். பிறகு இடுப்பில் கைவைத்து நின்றான்.

"காஞ்சிபுரம் போயிடுச்சு," என்றான்.

கூட்டம் வாயைப் பிளந்தது.

"நேத்து சாயங்காலம் இப்படி என்னப் பாத்துச்சு. போய்ட்டு வரேன்ற மாதிரி. அப்பால காணோம். அது அங்கத்திய ஆளுதான, எத்தினி நாளைக்கி அண்டாவுல கெடக்கும்."

தாயம்மா அங்கேயே விழுந்து கும்பிட்டாள். அன்றைக்கு வந்த கூட்டம் முந்தின நாளைவிட இரண்டு பங்கு. பல்லி காணாமல் போனதற்கும் புகழ் அவனுக்கே. எத்திராஜோ, இருக்கிற பல்லியைக் காட்டவும் முடியாமல், தொட்டிமேல் போர்வையைப் போட்டு மூடி, யாராவது வந்தால் "கண்ணாடிக்கு ஜுரம்" என்று சொல்லி அனுப்பவேண்டிய கதியில் இருந்தான்.

அதுகூடப் பரவாயில்லை. பல்லி சாப்பிடவில்லை. ஈரமண்ணில் தேடி நல்ல மண்புழுவாக எடுத்துவந்து, தசரதன் நறுக்குகிற அளவுக்கே நறுக்கி, ஈர்க்குச்சி நுனியில் வைத்து நீட்டினான். வால் நுனி அசையவில்லை. வடிவின் கரண்டியை எடுத்து மூன்று தடவை தட்டினான். இன்னும் உள்ளே போய்விட்டது.

சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வந்தது. டங், டங், டங்.

ஓட்டுக்கு அடியிலிருந்து பல்லி வெளியே வந்தது. கூழாங்கல்மேல் நடந்து, பாசியை ஒதுக்கி, தசரதன் வீட்டுப் பக்கத்துக் கண்ணாடியில் மூக்கை வைத்து, முன்காலை ஊன்றி நின்றது. இரண்டு பெண்டாட்டி கட்டினவன் வீட்டில் எந்தப் பெண்டாட்டிக்கும் அந்தச் சமயத்தில் எத்திராஜுக்கு எரிந்த எரிச்சல் எரிந்திருக்காது. ஆறின தண்ணீர் இவனுடையது, கல் இவனுடையது, மார்கழிக் குளிர் இவனுடையது. மூக்கு அங்கே.

அடுத்த நாளும் அதேதான். டங், டங், டங். மூக்கு கண்ணாடியில். விலா எலும்பு தெரிய ஆரம்பித்திருந்தது. அந்தப் பக்கத்துக் குரலும் மாறியிருந்தது. "துன்னு ராஜா" இல்லை. "எனக்கோசரம் ஒரு வாய்" என்று கேட்டது. கடைசியில் அதுவும் நின்று, ஒரு ஆள் மூக்கைச் சிந்துகிற சத்தம் மட்டும் கேட்டது. தோஷம் ஒன்றும் போகவில்லை, தசரதன் கண்ணைத் தொடாமலே அழுதுகொண்டிருந்தான்.

எத்திராஜ் எழுந்தான். துண்டை உதறித் தோளில் போட்டான். வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு போய்த் தசரதன் எதிரில் நின்றான்.

"உன் பல்லி என் தலையில வுழுந்துச்சு," என்றான்.

தசரதன் நிமிர்ந்தான். "எப்போ?"

"முந்தாநேத்து."

தசரதன் கரண்டியைக் கீழே வைத்தான். "தலையில வுழுந்தா கலகமாச்சே."

"அதான் வந்துகீறேன்."

கலகம் அரை மணி நேரம் நடந்தது. திருட்டுப்பயலே என்பதில் ஆரம்பித்து, பூங்காவனத்துக்குக் கல்யாணத்தில் வைத்த புடவையின் கரை வரைக்கும் போய், அங்கிருந்து இரண்டு தலைமுறைக்கு முந்தின ஒரு வெள்ளாட்டில் முடிந்தது. பூங்காவனமும் வடிவும் சுவரில் ஆளுக்கொரு பக்கம் முழங்கையை ஊன்றி, முடியட்டும் என்று காத்திருந்தார்கள்.

"முடிஞ்சிடுச்சா?" என்றாள் வடிவு. "உன்னுது எங்க ஊட்ல பட்டினி கெடக்கு. அங்க கீறது சூட்ல வேவுது. கொண்டாந்து ஒண்ணா வுடுங்க."

"அங்க எடுத்துக்கினு போனா அவன் ஊட்டுப் பல்லின்னு ஆயிடும்," என்றான் தசரதன்.

"தொட்டிய இங்க கொண்டாந்தா இவன் தொட்டின்னு ஆயிடும்," என்றான் எத்திராஜ்.

அதற்கு வழி சொன்னவள் பூங்காவனம். சொன்னாள் என்பதைவிட, கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தாள் என்பதுதான் சரி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த மண்சுவரை இடுப்பளவுக்கு இடித்து, மேலே துவைக்கிற கல்லைக் குறுக்கே போட்டு, தொட்டியை அதன்மேல் வைத்தார்கள். ஒரு கண்ணாடி இந்த வீட்டுக்கு, எதிர்க் கண்ணாடி அந்த வீட்டுக்கு. மேலே கீற்று வேய்ந்தார்கள். அளந்து பார்த்ததில் தொட்டி தசரதன் பக்கம் ஒரு விரல்கடை கூட இருந்தது. தள்ளி வைத்தார்கள். இவன் பக்கம் அரை விரல்கடை கூடியது. விட்டுவிட்டார்கள்.

அப்போது தசரதன் பெரிய பல்லி இருந்த தூக்கைக் கையில் வைத்துக்கொண்டு, தொட்டியைப் பார்த்து, தரையைப் பார்த்து, கடைசியில் கேட்டான்.

"இப்ப இன்னா செய்யணும்?"

இந்த மூன்று வார்த்தையைக் கேட்கத்தான் எத்திராஜ் இத்தனை நாளாக உயிரோடு இருந்தான். அவசரப்படவில்லை. வெற்றிலை கேட்டு வாங்கி மென்றான்.

"சடக்குனு கொட்டாத. தூக்க அப்படியே தொட்டித் தண்ணியில மெதக்க வுடு. ஒரு ஒலை சோறு வேவற நேரம் கெடக்கட்டும். இந்தத் தண்ணியும் அந்தத் தண்ணியும் ஒண்ணோடு ஒண்ணு சூடு பழகிக்கணும். அப்பால ஒரு கை தொட்டித் தண்ணி உள்ள ஊத்து. இன்னும் கொஞ்ச நேரம். அப்பால சாச்சுப் புடி, அதுவா எறங்கும். நீ தள்ளாத."

தசரதன் தள்ளவில்லை. பெரியது எட்டிப் பார்த்தது, யோசித்தது, இறங்கியது. ஓட்டுக்கு அடியில் ஏற்கெனவே நீட்டிக்கொண்டிருந்த ஒரு வாலுக்குப் பக்கத்தில் இன்னொரு வால் நுனி வந்து சேர்ந்தது.

"மூணு நாளைக்கி யாரும் பாக்கக் கூடாது," என்றான் எத்திராஜ், போர்வையைப் போட்டு. "தொடவும் கூடாது, இனிமேல எப்பவும்."

மறுநாள் வந்த கூட்டத்தைச் சமாளித்தவன் தசரதன்தான். போன பல்லி திரும்பி வந்துவிட்டதென்றும், தொடுகிறதென்றால் நேரே காஞ்சிபுரத்திலேயே வந்து தொடச் சொல்லுங்கள் என்று அது தகவல் கொண்டுவந்திருக்கிறதென்றும் சொன்னான். தாயம்மாவுக்கு மனசே இல்லை. "அது சொல்லுச்சா, உன் மச்சான் சொன்னானா?" என்று முறைத்துவிட்டுப் போனாள்.

மூன்று நாளும் இருவரும் போர்வைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து, மற்றவன் தூக்கிப் பார்த்துவிடாமல் காவல் காத்தார்கள். எத்திராஜ் சாக்கை நனைத்தான். தன் பக்கம் நனைப்பதில்லை என்று தசரதன் குறைப்பட்டபோது அவன் பக்கமும் நனைத்தான்.

நாலாம் நாள் போர்வையையும் சாக்கையும் எடுத்தார்கள். இரண்டும் வெளியே இருந்தன. தோல் கருகருவென்று மினுங்கியது. தசரதன் தன் பக்கத்து இரும்புச் சட்டத்தில் தட்டினான். டங், டங், டங். இரண்டும் திரும்பின, நீந்தின, அவன் கண்ணாடியில் மூக்கை வைத்தன. மேலே நீட்டிய ஈர்க்குச்சியிலிருந்து பெரியது ஒரு வாய், சின்னது மூன்று வாய். தசரதனின் முகம் முழுக்கப் பல்லாக இருந்தது. பூங்காவனம் கையைத் தட்டினாள்.

எத்திராஜின் கண்ணாடிக்கு வந்தது இரண்டு வால்.

அன்று முழுக்க இரண்டு வால். மறுநாளும் இரண்டு வால். பொழுது விடிந்தால் அங்கே மூக்கு, இங்கே வால். எத்திராஜின் பாயில் வடிவு மறுபடியும் அப்பளம் காயவைக்கலாமா என்று பார்த்தாள். மூன்றாம் நாள் மோர்ப் பானையோடு வந்த தாயம்மா, எத்திராஜ் பக்கம் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இன்னாப்பா, உனக்குப் பின்பக்கந்தானா?"

சுவருக்கு அப்பால் தசரதன் சிரிப்பை அடக்குவது கேட்டது. எத்திராஜ் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மூஞ்சிய யாருக்கு வேணாலும் காட்டும்," என்றான் நிதானமாக. "புழு குடுத்தா காக்காகூட மூஞ்சியக் காட்டும். தண்ணிப் பல்லி முதுகக் காட்டுதுன்னா, இந்த ஆள் பின்னாலேர்ந்து புடிக்க மாட்டான்ற நம்பிக்கையில காட்டுது. சீனத்துல வால் பாக்கறதுக்குன்னு நடந்து வராங்களாம். தொரையே வாலத்தான் பாத்துக்கினு உக்காந்திருப்பாரு. இதெல்லாம் சொன்னா இங்க யாருக்குப் புரியும்."

தாயம்மா பானையை இறக்கி வைத்துவிட்டு இன்னொரு தடவை குனிந்து, இந்த முறை வெகுநேரம் பார்த்தாள். "ஆமா," என்றாள். "அசைவுல ஒரு இது இருக்கு."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் நின்றுபோயிருந்தது.

மறுநாள் காலையில் தசரதன் கரண்டியைக் கொண்டுவந்து துவைக்கிற கல்லின்மேல், எத்திராஜ் பக்கமாக வைத்தான். நறுக்கின புழுவையும் ஒரு இலையில் வைத்தான்.

"இன்னிக்கு நீ தட்டு மச்சான்."

"ஏன்?"

"சும்மாதான். மூணு தட்டு. கரண்டிய இப்படித் தளத்திப் புடி. இறுக்கிப் புடிச்சா சத்தம் செத்துப்போவும்."

எத்திராஜ் கரண்டியைத் தளர்த்திப் பிடித்து மூன்று தட்டினான். இரண்டு பல்லியும் நின்றன, திரும்பின, கூழாங்கல்லைத் தாண்டி நேரே அவனிடம் வந்தன. நாலு கண், இரண்டு மூக்கு, அவன் கண்ணாடியில். சின்னது வாயைத் திறந்தது. இதற்காகத்தானே.

ஈர்க்குச்சியில் புழுவை எடுத்தவன், இரண்டு மூக்குக்கும் நடுவில், பாசிக்கும் தண்ணீருக்கும் அப்பால், எதிர்க் கண்ணாடியில் தசரதனின் முகத்தைப் பார்த்தான். தசரதன் குந்தி உட்கார்ந்து, கன்னத்தில் கையை வைத்து, இரண்டு வாலையும் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் ஒரு புன்சிரிப்பு. என்னவோ தெரிந்துகொண்டவன்போல மெல்லத் தலையை வேறு ஆட்டினான்.

எத்திராஜ் கழுத்தை நீட்டி எதிர்க் கண்ணாடியை எட்டிப் பார்த்தான்.

"மச்சான்," என்றான், ஈர்க்குச்சி பாதியில் நிற்க. "அங்க இன்னா தெரியுது?"